எம்டன் சுட்டது ஓர் இரவு. போர் தங்கியது பெரம்பூரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் பிறந்தாலே நம் பத்திரிகைகளில் எம்டன் கட்டுரை வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் வந்தது, குண்டு போட்டது, எண்ணெய்த் தொட்டி எரிந்தது, ஊர் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது, 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு தமிழில் நிலைத்தது. இதோடு கட்டுரை முடிந்துவிடும். சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் உலகப்போர் வட சென்னைக்கு வந்தது அந்த அரை மணி நேரத்தில் அல்ல. அது அரிசி விலையாகவும் துணி விலையாகவும் வந்தது. கைக்கு வரும் கூலி வெள்ளி ரூபாயிலிருந்து காகிதத்துக்கு மாறியபோது வந்தது. மில் சங்கு ஊதும் நேரத்தை மாற்றிவிட்டுத்தான் அடங்கியது. இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் காரணம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார், அதனால் போர் மூண்டது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். சுட்டது காவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன். பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாள். தீப்பொறி எங்கே விழுந்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது, வைக்கோற்போரை அடுக்கி வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும். 1871-ல் பிரான்சிடமிருந்து ஜெர்மனி பறித்துக்கொண்ட அல்சாஸ்-லொரேன், 1906-ல் பிரிட்டன் 'டிரெட்நாட்' கப்பலைக் கடலில் இறக்கியதும் சூடேறிய கப்பற்படைப் போட்டி, ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்க வேண்டிய ஒப்பந்தங்கள் என இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகம் சொல்லாமல் விடுவது ரயில் அட்டவணையை.

ஜெர்மனிக்குக் கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ். பரந்த நாடான ரஷ்யா படை திரட்ட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள், அதாவது ஆறு வாரத்தில், பெல்ஜியம் வழியாகப் போய் பிரான்சை முடித்துவிட்டுப் படையைக் கிழக்கே திருப்ப வேண்டும். ஷ்லீஃபன் திட்டம் என்பது இதுதான். இதற்காக எந்தப் படைப்பிரிவு எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பது வரை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் கொலோன் நகரின் ரைன் பாலத்தின் மேல் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு ராணுவ ரயில் போனது. ஆகஸ்ட் 1 அன்று, படையைக் கிழக்கே மட்டும் அனுப்ப முடியாதா என்று ஜெர்மன் பேரரசர் கெய்சர் கேட்டார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. பல லட்சம் பேரின் பயணத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினால் போய்ச் சேருவது படையாக இருக்காது, சோறும் குண்டும் இல்லாத கூட்டமாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். ரஷ்யா படை திரட்டத் தொடங்கிய நொடியிலிருந்து ஜெர்மனியின் ஆறு வாரக் கணக்கு கரைய ஆரம்பித்தது. பேச்சுவார்த்தைக்கு ஒரு நாள் கொடுத்தால் அட்டவணையில் ஒரு நாள் நஷ்டம். தொழிற்சாலை யுகத்தின் போர் என்று இதைச் சொல்வது பீரங்கியையும் இயந்திரத் துப்பாக்கியையும் மட்டும் வைத்து அல்ல. போருக்கான முடிவையே தொழிற்சாலை ஒழுங்கு கையில் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, எரிபொருள். எம்டன் எரித்தது பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை. அந்தக் கம்பெனிதான் பாரசீக எண்ணெய்க்குப் பணம் போட்டு 1909-ல் ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியை உருவாக்கியது. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறத் தொடங்கியிருந்ததால், போர் மூண்ட அதே 1914-ல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பாரசீகக் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. நம் துறைமுகத்துத் தொட்டிகளில் இருந்ததோ வீட்டு விளக்குக்கான மண்ணெண்ணெய். வட சென்னைக்காரர் வாயில் கிருஷ்ணாயில். ஏறக்குறைய மூன்றரை லட்சம் காலன் எரிந்து போனது என்பது அக்காலக் கணக்கு.

எம்டனோ எண்ணெயில் ஓடும் கப்பல் அல்ல, நிலக்கரியில் ஓடும் கப்பல். இதைப் புரிந்துகொள்ளாமல் அதன் கதை புரியாது. டான்சிக்கில் கட்டி 1908-ல் கடலில் இறக்கிய கப்பல். 12 பாய்லர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து, அதிக வேகம் மணிக்கு 23.5 கடல் மைல். கொள்ளும் நிலக்கரி 860 டன் வரை. 12 கடல் மைல் வேகத்தில் நிதானமாகப் போனால் 3,760 கடல் மைல் ஓடும், அதாவது சுமார் 13 நாள். வேகத்தை இரட்டித்தால் எஞ்சினுக்கு வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரு துரத்தல் வந்தால் பல நாள் நிலக்கரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் 'மார்கோமன்னியா' என்ற நிலக்கரிக் கப்பலைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார் கேப்டன் கார்ல் வான் முல்லர். இரண்டு கப்பலையும் நடுக்கடலில் பக்கவாட்டில் கட்டி, மூட்டை மூட்டையாக ஏற்ற வேண்டும். அலை கொஞ்சம் எழுந்தாலும் இரண்டு உடலும் மோதித் தகடு நசுங்கும். ஏற்றி முடிக்கும்வரை பீரங்கியைச் சரியாகப் பயன்படுத்த முடியாது, ஓடவும் முடியாது. எதிரி வந்தால் அதோடு சரி.

நிலக்கரியின் தரமும் சண்டையைத் தீர்மானித்தது. செப்டம்பர் 10 அன்று எம்டன் வழிமறித்துப் பிடித்த 'பொன்டொபொரோஸ்' என்ற கிரேக்கக் கப்பலில் 6,500 டன் இந்திய நிலக்கரி இருந்தது. அளவைப் பார்த்தால் பெரிய வேட்டை. ஆனால் அந்த நிலக்கரியில் சாம்பல் அதிகம். உருகிய சாம்பல் கட்டியாகி அடுப்புத் தட்டின் கம்பிகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். காற்று புகாது, நீராவி அழுத்தம் இறங்கும். நெருப்புக்கு முன் நிற்பவர்கள் அடிக்கடி அடுப்பைக் கிளறிக் கட்டியை இழுத்துப் போட வேண்டும். போதாததற்கு, எழும் கரும்புகை தொடுவானத்துக்கு அப்பாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். செப்டம்பர் கடைசியில் 'புரெஸ்க்' என்ற கப்பலில் 6,600 டன் உயர்தர வேல்ஸ் நிலக்கரி சிக்கியபோதுதான் முல்லருக்கு மூச்சு வந்தது.

அந்த இரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. கான்வாசில் நாலாவது ஒன்றைப் போலியாக நிறுத்திப் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வங்கக் கடலில் சுற்றியது. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில் சுமார் மூன்றாயிரம் கஜ தூரத்துக்குள் வந்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்ற நினைப்பில் ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தேடுவிளக்கைப் போட்டுத் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. மொத்தம் 130 குண்டு அளவில். ஒரு குண்டு சுமார் 17 கிலோ. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டேகால் டன் சொச்சம். துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் இருந்தவர்கள் உட்படச் சிலர் இறந்தார்கள். கரைப் பீரங்கி ஒன்பது முறை திருப்பிச் சுட்டது, ஒன்றும் படவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை முடித்தது. அதன் ஆறு அங்குலப் பீரங்கிகளுக்கு எம்டனின் நாலு அங்குலப் பீரங்கிகள் ஈடாகவில்லை.

இந்த இரண்டேகால் டன்னை எதோடு வைத்துப் பார்ப்பது? 1916 ஜூன் கடைசியில் பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படை ஒரே வாரத்தில் 15 லட்சம் குண்டு சுட்டது. அவசர அவசரமாக ஆலைகளைத் திறந்து செய்த குண்டுகள் அவை. வெடிக்க வைக்கும் பியூஸ் சரியில்லாமல் கணிசமானவை வெடிக்கவே இல்லை. வெடித்தவற்றிலும் ஆட்களைக் கொல்லும் சிதறுகுண்டுகள் நிறைய. அவற்றால் முள்கம்பியை அறுக்க முடியவில்லை. ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,000 பேருக்கு மேல் இறந்தும் காயம்பட்டும் விழுந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இடையில் ஒரு திருத்தம். எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார், கோட்டையைக் குறி காட்டினார் என்று ஆண்டுதோறும் அச்சாகிறது. அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை நடத்திக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் போனார். அவர் செய்த பெரிய வேலைகள் பல இருக்கின்றன. செய்யாததைச் சொல்லி அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

இனி, கட்டுரைகள் தொடாத பகுதி. அன்றைய உலகத்துக்குச் செயற்கைச் சாயத்தில் பெரும்பங்கைக் கொடுத்தது ஜெர்மனி. கடல் அடைபட்டதும் சாயப் பஞ்சம். நம் அவுரி விவசாயத்தை 1897-லிருந்து நசுக்கி வந்ததே ஜெர்மன் செயற்கை நீலம்தான். போர்க்காலத்தில் அவுரி கொஞ்சம் தலை தூக்கியது. காக்கிக்கு வேறு வழி இருந்தது. அதற்குப் பெயர் மினரல் காக்கி. இரும்பு உப்பையும் குரோம் உப்பையும் கலந்த கரைசலில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, காயவைத்து, நீராவி காட்டி, பிறகு கொதிக்கும் சோடாக் காரத்தில் விட வேண்டும். உப்பு நூலுக்குள்ளேயே துருவாகப் படிந்துவிடும். வெயிலுக்கும் வெளுப்புக்கும் மங்காது. காரம் குறைந்தால் சாயம் பிடிக்காமல் முதல் சலவையிலேயே கழுவிக்கொண்டு போகும். ஒரே சீராகக் காயாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். படிந்திருப்பது தாது என்பதால் துணி விறைக்கும், தையல் ஊசி சீக்கிரம் மழுங்கும். அதற்காகக் கடைசியில் சோப்பும் எண்ணெயும் கலந்த நீரில் அலச வேண்டும். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில்களின், அதாவது நம் வாயில் பின்னி மில்லின், காக்கி பேர்போனது. போர் அதற்கு ஓயாத வேலை கொடுத்தது.

தோலும் அப்படித்தான். பட்டாளத்து பூட்ஸின் மேல்பாகத்துக்கு உகந்தது சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டு எடுப்பார்கள். கடைசியில் கடுக்காய் நீர். அதில் முக்காவிட்டால் வெளிச்சம் பட்டதும் தோலில் செம்மை ஏறிவிடும், விலை இறங்கிவிடும். போருக்கு முன் இந்தியாவின் பச்சைத்தோல் பெரும்பாலும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போனது. அந்த வழி அடைபட்டது. பதனிட்ட தோலை லண்டன் போர் அலுவலகத்துக்காக அரசே வாங்கியது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்கு அது நல்ல காலம்.

நல்ல காலம் மண்டிக்கும் மில் முதலாளிக்கும். கூலிக்காரர் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு மறுபடியும் நிலக்கரிக்குத்தான் வர வேண்டும். வங்காள நிலக்கரி சென்னைக்குக் கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. கப்பல்களைப் போருக்கு எடுத்துக்கொண்டதும் அதை ரயிலில் ஏற்றினார்கள். 5,000 டன் நிலக்கரிக் கப்பல் ஒன்று நின்றுபோனால், வேகனுக்கு 20 டன் என்று வைத்தாலும் 250 வேகன் வேண்டும். கல்கத்தாவிலிருந்து இங்கே ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு வேகனும் வந்து, இறக்கி, காலியாகத் திரும்பும்வரை வேறு சரக்குக்குக் கிடைக்காது. அதே சமயம் தண்டவாளத்தையும் எஞ்சினையும் வேகனையும் மெசபொட்டேமியா (இன்றைய இராக்) போர்முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆக, நெல் விளைந்த ஊரில் நெல் தேங்கியது, பட்டணத்தில் அரிசி இல்லை. பர்மா அரிசிக்கும் கப்பல் இல்லை. உப்பு, கிருஷ்ணாயில் எல்லாவற்றுக்கும் இதே கதி. மான்செஸ்டர் துணி வரத்துக் குறைந்ததால் வேட்டி, புடவை விலை எகிறியது. 1918-ல் மழையும் பொய்த்தது. பதுக்கியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பதுக்கலுக்கு இடம் கொடுத்தது வேகன் பஞ்சம்.

ரூபாயும் மாறியது. வெள்ளி ரூபாய்க்கு அரசு வைத்த மதிப்பு 16 பென்ஸ். உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 43 பென்சைத் தாண்டினால், ரூபாயை உருக்கினால் அதைவிட அதிகம் கிடைக்கும். 1917 ஆகஸ்டில் வெள்ளி விலை அந்த அளவை எட்டியது. நாணயம் பெட்டிக்குள் போய்விட்டது. அந்த நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்க் காகித நோட்டு முதன்முதலாக வெளிவந்தது, அடுத்து இரண்டரை ரூபாய் நோட்டு. கடைக்காரர் நோட்டின் மதிப்பில் வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டுதான் சாமான் கொடுத்தார். கூலியை யாரும் குறைக்காமலே அதன் மதிப்பு குறைந்தது. கடைசியில் அமெரிக்கா 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை விற்றுத்தான் அரசின் நாணயக் கஜானா பிழைத்தது.

1918 செப்டம்பரில் சென்னையில் அரிசி மண்டிகளும் துணிக்கடைகளும் சூறையாடப்பட்டன. எம்டன் வந்து சரியாக நான்கு ஆண்டு. அதை ரவுடிகள் வேலை என்று ஒதுக்கிவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதற்குமே அர்த்தமில்லை. அதே வேளையில் விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுயன்சா) வேறு. ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களை அது கொண்டுபோனது. போர்க்களத்தில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000 பேர்.

அதற்குச் சில மாதம் முன்னால், 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் அடித்தளம் போட, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். தொடக்கக் கோரிக்கையில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை பற்றியது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நடுவே அரை மணி. அதற்குள் கைகழுவி, கூட்டத்தில் முண்டி, சாப்பிட்டு, வாசல் மூடுமுன் உள்ளே வந்தாக வேண்டும். தாமதமானால் கூலி போச்சு. இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

1920 கடைசியில் கதவடைப்பு வந்தது. தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர் மேல் கம்பெனி வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. எம்டன் குண்டு பட்டதற்குக் கல்வெட்டு வைத்திருக்கிற அதே உயர் நீதிமன்றம். சங்கம் வைத்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்ற நிலை நாடு முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணமாயிற்று. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அதில் சங்கத்தின் ஒற்றுமை சாதிக் கோட்டில் பிளந்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. இதை மறைத்துவிட்டுச் சங்க வரலாறு எழுதுவதும் சரியல்ல.

போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் என்றாலே ஜெர்மனி மேல் சுமத்திய, 1921-ல் 13,200 கோடி தங்க மார்க் என்று கணக்கிட்ட நஷ்டஈடும், அடுத்த போருக்குப் போட்ட விதையும்தான் பேசப்படுகின்றன. அதே ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் பகுதிதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உண்டாக்கியது. 1919-ல் வாஷிங்டனில் அதன் முதல் மாநாடு. என்.எம். ஜோஷி இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகவும் வாடியா ஆலோசகராகவும் போனார்கள். பெரும்பாலான நாடுகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்றும் இந்தியாவுக்கு 60 மணி நேரம் என்றும் அங்கே எழுதினார்கள். அந்தப் பாகுபாடு கசப்பானது. ஆனாலும் 1922 ஆலைச் சட்டத் திருத்தத்தில் நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரம்பு விழுந்தது. பிரான்சில் கையெழுத்தான காகிதம் பெரம்பூர் மில் சங்கை மாற்றியது இப்படித்தான்.

வரும் செப்டம்பரில் உங்கள் நாளிதழ் எம்டன் பக்கம் போடும்போது பாதி இடத்தையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். மில் மூடிப் பல ஆண்டு ஆகிறது, அந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. 1918-ஐச் சொல்லும் கல்வெட்டு ஒன்று அங்கே வைக்க மாநகராட்சியை நீங்கள் கேட்டால் கேட்பார்கள். மாணவர்களை எம்டன் கல்வெட்டுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்வெட்டோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து மின்ட் தெரு, பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு வழியாகப் பெரம்பூர் பேரக்ஸ் ரோடு வரை நடக்கலாம். பேசின் பிரிட்ஜில் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டே வேகன் கணக்கைச் சொல்லுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இப்படிக்கு,
வட சென்னை வாசகர்கள் சிலர்,
ராயபுரம், பெரம்பூர்.